ஒளியின் வாய்க்கால்களும் அவற்றைச் சமைக்கும் பதார்த்தங்களும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்குச் செல்பவர் பாலாற்றையும் அதன்பின் செய்யாற்றையும் கடந்தாக வேண்டும். ஆண்டின் பெரும்பகுதியில் நீரைக் காட்டிலும் மணலையே மிகுதியாகக் காட்டிக் கிடக்கும் அவ்விரு ஆறுகளின் மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ் என்னும் ஸ்படிகத்தின் துகளாகும். அது சிலிக்கானும் ஆக்ஸிஜனும் சேர்ந்த ஓர் எளிய சேர்மம். அதே சேர்மத்தை மாசறுத்து, உருக்கி, தலைமயிர் போன்ற மெல்லிய இழையாக இழுத்தால் கண்ணாடி இழை கிடைக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைக்கும் நோக்கத்துடன் டான்ஃபிநெட் என்னும் அரசு நிறுவனம் நாட்டுப்புறங்களுக்கெல்லாம் கொண்டுசெல்வது இவ்விழைகளைத்தான். அச்சேர்மத்தினின்றும் ஆக்ஸிஜனை விலக்கிப் பலபடியாகச் சுத்தம் செய்தால் எஞ்சும் சிலிக்கானே இன்றைய கணிப்பொறிச் சில்லுகளுக்கெல்லாம் மூலப் பதார்த்தம். மூன்றாவதாக, அச்சேர்மத்தின் ஸ்படிகம் ஒன்றிலேதான், 1961-ஆம் ஆண்டு, ஒளி தன் அதிர்வெண்ணை இரட்டித்துக்கொண்டு வெளிவரும் விந்தை முதன்முதலாக மனிதர்க்குப் புலனாயிற்று. முதலிரண்டு செய்திகளையும் பலர் அறிவர். மூன்றாவதை அறிந்தவர் சிலரே. ஆயினும், ஒளியைக் கொண்டே கணக்கிடவும், அளந்தறியவும், செய்திகளைக் களவுபோகாமல் அனுப்பவும் உலகெங்கும் சமைக்கப்பட்டுவரும் நுண்ணிய ஒளிச்சுற்றுகளுக்கு ஆதாரமாய் நிற்பது அம்மூன்றாவது செய்தியே ஆதலின், அதனைச் சற்று நிதானமாக ஆராய்வது தகும்.

கண்ணாடி இழையினுள் ஒளிக்கு நேரும் சேதம் மிகச் சொற்பம்: ஒரு கிலோமீட்டர் தூரம் கடந்த பின்னும் நூற்றுக்கு 95 பங்கு எஞ்சியிருக்கிறது. தொல்லையெல்லாம் இழையின் முனைகளில்தான் தொடங்குகிறது. வந்து சேர்ந்த ஒளியை மின்சாரமாக மாற்றி, அம்மின்சாரத்தைச் சில்லுகளினுள் செலுத்திச் செய்தியைப் பிரித்து, அது போகவேண்டிய திசையைத் தெரிந்துகொண்டு, மறுபடியும் ஒளியாக்கி அடுத்த இழைக்குள் விடவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் சக்தி செலவாகிறது, உஷ்ணம் பிறக்கிறது, காலம் கழிகிறது. இச்செலவைக் குறைக்கும் பொருட்டு, ஒளியைப் பிரித்தல், சேர்த்தல், நிறவாரியாகத் தெரிந்தெடுத்தல், தாமதப்படுத்தல், அதன்மேல் செய்தியைப் பொறித்தல் ஆகிய காரியங்களையெல்லாம் நகக்கண் அளவுள்ள ஒரு சில்லின்மேல் ஒளியாகவே நடத்திவிடும் அமைப்பை விஞ்ஞானிகள் வகுத்தனர். அதற்கு ஒளித் தொகுப்புச் சுற்று என்று பெயர். மின்சாரச் சில்லில் உலோகக் கம்பிகள் வகிக்கும் இடத்தை இதில் வகிப்பவை அலைநடத்திகள் எனப்படும் மெல்லிய ஒளிப்பாதைகள்.

ஆனால் இவ்விடத்தில் இயற்கையின் நியதி ஒன்று குறுக்கே நிற்கிறது. மின்சாரச் சுற்றில் ஓர் ஓட்டத்தைக் கொண்டு மற்றோர் ஓட்டத்தைத் திறக்கவும் அடைக்கவும் முடிகிறது. டிரான்சிஸ்டரின் தத்துவமே அதுதான். ஒளியோ ஒளியைத் தீண்டுவதில்லை. இரண்டு விளக்குகளின் கிரணங்கள் வெட்டவெளியில் ஒன்றையொன்று குறுக்கிட்டாலும், குறுக்கிட்டதன் அடையாளம் சிறிதுமின்றி, அவை தத்தம் வழியே செல்கின்றன. எத்தனையோ உரையாடல்கள் ஒரே இழையில் வெவ்வேறு நிறங்களாகக் கலந்து சென்றும் ஒன்றோடொன்று குழம்பாதிருப்பது இந்நியதியின் பயனே. ஆயினும், ஓர் ஒளியைக் கொண்டு மற்றோர் ஒளியை ஆள நினைப்பவனுக்கு இதுவே பெருந்தடை. அத்தடையை வெல்ல வேண்டுமானால் இரண்டு ஒளிகளுக்கும் நடுவே ஒரு பதார்த்தம் நின்று, ஒன்றின் வரவை மற்றதற்கு அறிவித்தாக வேண்டும்.

பதார்த்தம் இதைச் செய்யும் முறையைக் காண்போம். ஒளி என்பது மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து அசைந்து செல்லும் அலை. அதன் மின்புலம் அணுக்களிலுள்ள எலெக்ட்ரான்களை அவற்றின் நிலையினின்றும் சற்றே பெயர்க்கிறது. பெயர்ந்த எலெக்ட்ரான்கள் அலைக்கேற்ப அதிர்ந்து, தாமும் ஒளியை உமிழ்கின்றன. புலம் சிறியதாயிருக்குமளவும் பெயர்ச்சி புலத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. புலம் இரட்டித்தால் பெயர்ச்சியும் இரட்டிக்கும். சிவப்பு ஒளி புகுந்தால் சிவப்பு ஒளியே வெளிவரும். புலம், அணுவினுள் எலெக்ட்ரானைக் கட்டிவைத்திருக்கும் புலத்தோடு ஒப்பிடத்தக்க அளவை நோக்கி வளர வளர, இந்த நேர்விகிதம் பிறழத் தொடங்குகிறது. பிறழ்ந்த அதிர்வில், புகுந்த ஒளியின் அதிர்வெண்ணோடு அதன் இரட்டிப்பும் மும்மடங்கும் கலந்து தோன்றுகின்றன. இரண்டு நிறங்கள் ஒருங்கே புகுந்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் கூடப் பிறக்கின்றன. பதார்த்தத்தின் ஒளிவிலகல் எண்ணே ஒளியின் பிரகாசத்துக்கேற்ப மாறுகிறது. இவற்றை ஆராயும் துறையே நேரிலா ஒளியியல்.

சூரிய ஒளியின் மின்புலம் இவ்விளைவைக் காட்டப் போதாது. 1960-ஆம் ஆண்டு மே மாதம் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டிய பிறகே இத்துறைக்கு வாசல் திறந்தது. அடுத்த ஆண்டிலேயே, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் அவருடைய சகாக்களும் மாணிக்க லேசரின் 694.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளியைக் குவார்ட்ஸ் ஸ்படிகத்தினுள் பாய்ச்சி, அதன் சரிபாதியான 347.2 நானோமீட்டர் அலைநீளத்தில் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கிரணம் வெளிப்படுவதைப் புகைப்படத் தகட்டில் பதிவு செய்தனர். பிறந்த புற ஊதா ஒளி புகுந்த ஒளியில் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. தகட்டில் அது ஒரு சிறு புள்ளியாகவே விழுந்திருந்தது. அச்சேற்றியவர்கள் அதை அழுக்கென்று கருதி நீக்கிவிட, அப்புள்ளி இல்லாமலே கட்டுரை வெளிவந்தது என்பது வரலாறு. அவ்வளவு நலிந்த விளைவை வலிமையுறச் செய்வதெப்படி என்பதே, அன்றுமுதல் இன்றுவரை, இத்துறையின் தலையாய பிரச்சினையாக இருந்து வருகிறது.

இவ்விளைவுகள் இரண்டு வகுப்பாகப் பிரிகின்றன. புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தவை இரண்டாம் படி விளைவுகள். அதிர்வெண் இரட்டிப்பதும், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெடரிக் பாக்கெல்ஸ் ஆராய்ந்த, மின்னழுத்தத்தைக் கொடுத்தால் ஒளிவிலகல் எண் மாறும் விளைவும் இவ்வகுப்பைச் சேர்ந்தவை. புலத்தின் கனத்தைப் பொறுத்தவை மூன்றாம் படி விளைவுகள். 1875-இல் ஜான் கெர் கண்ட விளைவும், நான்கு அலைகள் தம்முள் கலந்து புதிய நிறங்களைத் தோற்றுவிப்பதும் இவ்வகுப்பின. இவற்றுள் மூன்றாம் படி எல்லாப் பதார்த்தங்களுக்கும் உண்டு. இரண்டாம் படியோ அணுக்களின் அமைப்பு ஒரு மையப்புள்ளியைக் குறித்து முற்றிலும் எதிர்த்திசைக்கு மாறினும் வேறுபடாதிருக்கும் சமச்சீர் ஸ்படிகங்களில், விதிப்படி, முற்றிலும் மறைந்துவிடும். சமச்சீர் குலைந்த ஸ்படிகங்களிலேயே அது உயிர்பெறும். குவார்ட்ஸ் அத்தகைய சமச்சீர் குலைந்த ஸ்படிகம் ஆதலால்தான் ஃபிராங்கனின் பரிசோதனை பலித்தது. சிலிக்கான் ஸ்படிகம் சமச்சீர் உடையதாதலால் அதனிடத்தில் அது பலித்திராது. எந்தப் பதார்த்தத்தை எக்காரியத்துக்குத் தெரிந்தெடுப்பது என்னும் கேள்விக்கு இவ்விதியே முதற்படியான விடையைத் தருகிறது.

இனி, நலிந்த விளைவை வலிமையாக்கும் உபாயத்துக்கு வருவோம். பல்லவர் காலத்தில் வயிரமேக தடாகம் என்னும் பெயர் பெற்று, கல்வெட்டுகள் கூறும் ஏரி வாரியத்தின் பொறுப்பில் இருந்துவந்த உத்திரமேரூரின் பேரேரியில் விரிந்து பரந்து அசைவற்றிருக்கும் நீர், மதகின் வழியே குறுகிய வாய்க்காலில் இறங்கியதும் விசை கொண்டு ஓடுகிறது. நீரின் அளவு அதிகரித்துவிடவில்லை, அது செல்லும் குறுக்களவே சுருங்கியிருக்கிறது. ஒளியின் சக்தியையும் இவ்வாறே குறுகிய குறுக்களவினுள் அடக்கலாம். வில்லையைக் கொண்டு குவித்தாலும் ஒளி ஒரு புள்ளியில் சுருங்கி உடனே விரிந்துவிடும். அதனை விரியவிடாமல் நெடுந்தூரம் சுருக்கி வைத்திருப்பது அலைநடத்தியின் வேலை. ஒளிவிலகல் எண் மிகுந்த பதார்த்தத்தாலான மெல்லிய பட்டையைச் சுற்றிலும் ஒளிவிலகல் எண் குறைந்த பதார்த்தம் சூழ்ந்திருக்குமானால், பட்டையினுள் செல்லும் ஒளி அதன் சுவர்களில் முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து வெளியேற மாட்டாமல் உள்ளேயே செல்கிறது. இரு பதார்த்தங்களின் எண்களுக்கு இடையிலுள்ள வேற்றுமை பெரிதாகுமளவுக்குப் பட்டையைச் சிறிதாக்கலாம்.

தொலைத்தொடர்புக்குப் பயன்படும் 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 3.48, அதைச் சூழும் சிலிக்கா கண்ணாடியின் எண் 1.44. இப்பெரிய வேற்றுமையின் பயனாக, 450 நானோமீட்டர் அகலமும் 220 நானோமீட்டர் உயரமும் கொண்ட சிலிக்கான் பட்டையினுள் ஒளி அடங்கிச் செல்கிறது. பத்தில் ஒரு பங்கு வாட் சக்தியுள்ள ஒளியை அதனுள் செலுத்தினால், அதன் செறிவு சதுர மீட்டருக்கு ஒரு லட்சம் கோடி வாட் என்னும் அளவை எட்டுகிறது. உச்சி வெயிலில் நம்மேல் விழும் சூரிய ஒளியின் செறிவைக் காட்டிலும் இது நூறு கோடி மடங்கு. கெர் விளைவில் சிலிக்கான், சாதாரணக் கண்ணாடியைக் காட்டிலும் ஏறத்தாழ இருநூறு மடங்கு வலியது. ஆயினும் இத்தனை செறிவிலும் அதன் ஒளிவிலகல் எண் பத்து லட்சத்தில் நான்கைந்து பங்கே மாறுகிறது. சொற்பமெனத் தோன்றும் இம்மாறுதல், ஒரு சென்டிமீட்டர் தூரம் சென்றதும் அலையின் கட்டத்தைச் சுமார் 10 பாகை திருப்பிவிடுகிறது. பட்டையை வளையமாக அமைத்து ஒளியைப் பன்முறை சுற்றவிட்டால் விளைவு மேலும் பெருகுகிறது. ஒரு காலத்தில் மேசை நிறைந்த லேசர்களாலும் பெரிய ஸ்படிகங்களாலும் மட்டுமே கைகூடிய காரியம் இவ்விதம் ஒரு சில்லின்மேல் கைகூடுகிறது.

செறிவு மட்டும் போதாது. பிறக்கும் புதிய ஒளி ஒன்றுபட்டுச் சேரவும் வேண்டும். ஸ்படிகத்தின் ஒவ்வோர் இடத்திலும் சிறிது சிறிதாகப் பிறக்கும் இரட்டிப்பு ஒளி, தன்னைப் பிறப்பித்த மூல ஒளியோடு ஒரே வேகத்தில் சென்றால், முன்னே பிறந்ததும் பின்னே பிறந்ததும் கூடி வலுவடையும். ஆனால் பதார்த்தத்தினுள் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் செல்லுவதால், சில மைக்ரோமீட்டர் தூரத்துக்குள்ளாகவே இரண்டும் கட்டம் தவறி, பின்னே பிறந்த ஒளி முன்னே பிறந்ததை அழித்துவிடுகிறது. ஃபிராங்கனுக்குக் கிடைத்த ஒளி அத்தனை மங்கலாயிருந்ததற்கு இதுவே காரணம். இதற்கு 1962-ஆம் ஆண்டிலேயே நிக்கோலாஸ் புளும்பெர்கனும் அவருடைய சகாக்களும் ஓர் உபாயம் கூறினர்: கட்டம் தவறத் தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஸ்படிகத்தின் திசையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டால், அழிக்கவேண்டிய ஒளி கூட்டுவதற்கு வந்துவிடும். கருத்து எளிது, ஸ்படிகத்தைச் சில மைக்ரோமீட்டருக்கு ஒருமுறை ஒழுங்காகத் திருப்பும் கைத்திறன் கைவசப்படப் பல்லாண்டுகள் சென்றன. அலைநடத்தியில் வேறோர் உபாயமும் உண்டு: பட்டையின் அகலத்தையும் உயரத்தையும் தக்கபடி வகுத்தால், ஒவ்வொரு நிறத்தின் வேகத்தையும் ஓரளவு நம் விருப்பப்படி அமைக்கலாம். அதற்கு, பட்டையின் அளவில் சில நானோமீட்டருக்கு மேல் பிழை நேராதிருத்தல் வேண்டும்.

பதார்த்தங்களுள் முதலில் சிலிக்கானை எடுத்துக்கொள்வோம். தமிழர்க்கு அதனோடு ஒரு தனி உறவும் உண்டு. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி. வி. ராமனும், வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் 1928-ஆம் ஆண்டு கண்டறிந்த விளைவின்படி, பதார்த்தத்தில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி, மூலக்கூறுகளின் அதிர்வுக்குத் தன் சக்தியில் ஒரு பங்கை ஈந்துவிட்டு நிறம் மாறி வருகிறது. 1962-இல், லேசரின் செறிவான ஒளியில் இச்சிதறல் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் தூண்டப்பட்ட ராமன் சிதறல் கண்டறியப்பட்டது. சிலிக்கானில் இவ்விளைவு கண்ணாடியைக் காட்டிலும் ஆயிரக்கணக்கான மடங்கு வலியது. ஒளியைத் தானே உமிழும் திறமையற்றது என்று ஒதுக்கப்பட்டிருந்த சிலிக்கானைக் கொண்டு, 2004-ஆம் ஆண்டில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் கிளையில் ஓஸ்டால் போய்ராஸும் பஹ்ராம் ஜலாலியும் முதல் சிலிக்கான் லேசரை இயக்கினார்களென்றால், அது ராமன் விளைவின் துணையாலேயே நிகழ்ந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற ஒருவர் கடலின் நீலத்தைக் குறித்து எழுப்பிய வினா, முக்கால் நூற்றாண்டுக்குப் பின் சில்லுகளுக்கு ஒளி கொடுத்தது என்பதை நினைக்குந்தோறும், அடிப்படை ஆராய்ச்சியின் பயனை உடனுக்குடன் அளந்துவிட முயல்வது எவ்வளவு அவசரபுத்தி என்பது விளங்குகிறது.

ஆயினும் சிலிக்கானுக்கு ஒரு குறை உண்டு. 1550 நானோமீட்டர் ஒளியின் ஒரு துணுக்குக்குரிய சக்தி 0.8 எலெக்ட்ரான் வோல்ட். சிலிக்கானின் எலெக்ட்ரானைக் கட்டவிழ்க்கத் தேவையானது 1.12. ஒரு துணுக்குத் தனித்து வந்தால் சிலிக்கான் அதனை விழுங்குவதில்லை. செறிவு மிகுந்த இடத்தில் இரண்டு துணுக்குகள் ஒருங்கே வந்தால் 1.6 ஆகிவிடுவதால், இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. அவ்வாறு கட்டவிழ்ந்த எலெக்ட்ரான்கள் பின்வரும் ஒளியையும் விழுங்குகின்றன. 2005-இல் இன்டெல் நிறுவனத்தார் அலைநடத்தியின் இரு மருங்கிலும் மின்வாய்களை வைத்து இந்த எலெக்ட்ரான்களை வெளியேற்றியே தொடர்ந்து ஒளிரும் ராமன் லேசரை அமைக்க முடிந்தது. நாம் வேண்டும் விளைவைப் பெருக்கும் செறிவே வேண்டாத இழப்பையும் பெருக்குகிறது என்பதால், விளைவின் வலிமையை மட்டும் நோக்கிப் பதார்த்தத்தைத் தெரிந்தெடுத்தல் பிழையாகும்.

சிலிக்கான் நைட்ரைடின் வரலாறு இதனை நன்கு தெளிவிக்கிறது. கெர் விளைவில் அது சிலிக்கானைக் காட்டிலும் மிக மெலிந்தது. கண்ணாடியைப்போல் பத்து மடங்கு அளவே. ஆனால் எலெக்ட்ரானைக் கட்டவிழ்க்க அதில் ஏறக்குறைய 5 எலெக்ட்ரான் வோல்ட் தேவையாதலால், இரண்டு துணுக்குகள் சேர்ந்து வந்தாலும் அவற்றை அது விழுங்குவதில்லை. மேலும், சாதாரண சிலிக்கான் அலைநடத்தியில் ஒரு சென்டிமீட்டருக்கு 2 டெசிபெல் இழப்பு நேர்ந்து ஒளியில் மூன்றிலொரு பங்குக்குமேல் தொலையுமிடத்து, நன்கு சமைத்த நைட்ரைடில் ஒரு முழு மீட்டர் சென்றபின் 1 டெசிபெல் அளவே இழப்பு நேர்கிறது. இழப்பு இவ்வாறு குறைந்திருப்பதால், நைட்ரைட் வளையத்தினுள் ஒரே நிறமுள்ள லேசர் ஒளியைச் சுற்றவிட்டு, நான்கு அலைக் கலப்பின் மூலம், சம இடைவெளியில் அமைந்த நூற்றுக்கணக்கான நிறங்களைப் பிறப்பிக்க முடிகிறது. அந்நிறங்கள் ஒவ்வொன்றும் கண்ணாடி இழையில் தனித்தனிச் செய்தியைச் சுமந்து செல்லத்தக்கவை. ஆனால் இப்பதார்த்தம் எளிதில் வசப்படுவதன்று. வேண்டிய கனமாகிய 700, 800 நானோமீட்டருக்குப் படலத்தை ஏற்றினால், உள்ளிழுப்பு மிகுந்து அது வெடித்துவிடுகிறது; படலத்தில் ஒட்டி நிற்கும் ஹைட்ரஜன் 1520 நானோமீட்டருக்கு அருகே ஒளியை விழுங்குவதால், 1200 பாகை உஷ்ணத்தில் காய்ச்சி அதனை விரட்ட வேண்டியிருக்கிறது. வெடிப்பைத் தடுத்துநிறுத்தச் சில்லின்மேல் முன்கூட்டியே பள்ளங்கள் வெட்டிவைக்கும் உபாயத்தைக் கண்டுபிடித்த பிறகே காரியம் சித்தித்தது.

இரண்டாம் படி விளைவுக்கு அரசு வீற்றிருக்கும் பதார்த்தம் லித்தியம் நியோபேட். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பால்மன் என்பவர் 1965-இல் இதனை உருகிய நிலையிலிருந்து பெரிய ஒற்றைப் படிகமாக இழுத்து வளர்த்துக் காட்டினார். மின்னழுத்தம் கொடுத்தவுடன் ஒளிவிலகல் எண் மாறும் இயல்பினால், கண்ணாடி இழைகளில் செல்லும் ஒளியின்மேல் செய்தியைப் பொறிக்கும் கருவிகளில் இது நெடுங்காலமாகப் பணிபுரிந்து வருகிறது. படிகத்தின் மேற்பரப்பில் டைட்டேனியத்தை ஊடுருவச் செய்து பழைய அலைநடத்திகளை அமைத்தார்கள். அவற்றில் ஒளிவிலகல் எண்ணின் வேற்றுமை மிகச் சிறிதாதலால் ஒளி பல மைக்ரோமீட்டர் அகலத்துக்கு விரிந்தே சென்றது. இக்காலத்தில், படிகத்தினுள் ஹீலியம் அயனிகளைக் குறித்த ஆழத்துக்குச் செலுத்தி, அதனைக் கண்ணாடிப் படலம் போர்த்த சில்லின்மேல் ஒட்டி, சூடேற்றி, அரை மைக்ரோமீட்டர் அளவுள்ள மெல்லிய ஏட்டை மட்டும் உரித்தெடுக்கிறார்கள். அவ்வேட்டில் செதுக்கிய அலைநடத்தியில் இழப்பு ஒரு சென்டிமீட்டருக்கு 0.03 டெசிபெல் அளவுக்குக் குறையக்கூடும் என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2017-இல் காட்டினர். 1550 நானோமீட்டர் ஒளியை இரட்டிப்பதற்குச் சில மைக்ரோமீட்டருக்கு ஒருமுறை படிகத்தின் திசையை மின்புலத்தால் திருப்பி, புளும்பெர்கன் கூறிய உபாயத்தை அதிலேயே நிறைவேற்றுகிறார்கள். இவையன்றி, அலுமினியம் காலியம் ஆர்ஸனைட், ஆர்ஸனிக் ஸல்ஃபைட் கண்ணாடி, அலுமினியம் நைட்ரைட், கரிமப் பாலிமர்கள் முதலியனவும் தத்தமக்குரிய நன்மைகளோடு ஆராயப்பட்டு வருகின்றன. எல்லாக் குணங்களும் ஒருங்கே வாய்ந்த பதார்த்தம் ஒன்றேனும் இல்லை.

இத்துறையில் நம் நாட்டின் நிலை யாது என்று கேட்போருக்குக் கூற நம்மிடம் செய்தி உண்டு. நேரிலா ஒளியியற் படிகங்களை வளர்ப்பது தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒரு மரபாகவே வேரூன்றிவிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையமும், அதனை முன்னின்று நடத்திய பேராசிரியர் பெ. ராமசாமியும், பிற்காலத்தில் அவர் பணியாற்றிய களவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரியும் இம்மரபுக்கு நாற்றங்காலாக விளங்கின. பெருநகரங்களினின்றும் தொலைவிலுள்ள கல்லூரிகளில் கூட, பௌதிக ஆராய்ச்சி மாணவர்கள் அமினோ அமிலங்களையும் உப்புகளையும் நீரிற் கரைத்து, வடிகட்டி, துளையிட்ட தாளால் மூடி, அசையாத இடத்தில் வாரக்கணக்காக வைத்து, நீர் மெல்ல ஆவியாகப் படிகம் விளைவதைக் காத்திருந்து எடுக்கிறார்கள். விளைந்த படிகத்தைத் தூளாக்கி, 1064 நானோமீட்டர் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அதிலிருந்து 532 நானோமீட்டர் பச்சை ஒளி எவ்வளவு எழுகிறதென்று யூரியாவோடோ பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்ஃபேட்டோடோ ஒப்பிட்டு நோக்கும் பரிசோதனை 1968-இல் கர்ட்ஸ், பெர்ரி என்னும் இருவர் வகுத்தது. நம் மாணவர்களில் எத்தனையோ பேருடைய தூள்கள் இப்பரிசோதனைக்காகப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குச் சென்று வந்திருக்கின்றன. 2005-ஆம் ஆண்டில் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் சங்கரநாராயணனும் ராமசாமியும் சேர்ந்து வெளியிட்ட முறையில், கண்ணாடிக் குழாயின் அடியில் வேண்டிய திசையை நோக்கி விதைப்படிகத்தைப் பொருத்தி, குழாயின் மேற்பகுதியை மட்டும் வெப்பமூட்ட, படிகம் அவ்வொரே திசையில் மேல்நோக்கி வளர்கிறது. மூல ஒளியும் இரட்டிப்பு ஒளியும் கட்டம் தவறாது செல்லும் திசையிலேயே படிகம் விளைந்துவிடுவதால், வெட்டி வீணாக்க வேண்டியதில்லை. இம்முறை இன்று அவ்விருவருடைய பெயர்களாலேயே உலகில் வழங்கி வருகிறது.

மற்றொரு புறத்தில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிஜோய் கிருஷ்ண தாஸ் தலைமையில், மத்திய அரசின் மின்னணுவியல் அமைச்சகத்தின் உதவியோடு, நிரலிடத்தக்க ஒளித் தொகுப்புச் சுற்றுகளுக்கான சிறப்பு மையம் இயங்கி வருகிறது. சிலிக்கான் அலைநடத்திகளை வரைதல், செதுக்குதல், இழைகளோடு இணைத்தல், அளந்தறிதல் ஆகிய காரியங்களெல்லாம் அங்கு பயிலப்படுகின்றன. யாராலும் ஊகிக்கவொண்ணாத எண்களைச் சிலிக்கான் ஒளிச்சில்லின் உதவியால் பிறப்பிக்கும் கருவியொன்றை 2025-ஆம் ஆண்டில் அக்கழகம் வெளிப்படுத்தியது. 2023-இல் 6,003 கோடி ரூபாய் மதிப்பில் அங்கீகரிக்கப்பட்ட தேசிய குவாண்டம் இயக்கத்தில் தகவல் தொடர்புப் பிரிவு அதே கழகத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கிறது. ஒரு நேரிலா அலைநடத்தியினுள் லேசர் ஒளியைச் செலுத்தினால், இணைபிரியா உறவுடைய இரண்டிரண்டு ஒளித்துணுக்குகள் அரிதாகப் பிறக்கும். களவாடவொண்ணாத செய்தித்தொடர்புக்கு விதையாவது அவ்விணைகளே ஆதலின், இத்துறை நமக்கு வெறும் ஏட்டுக் கல்வியாக நின்றுவிடவில்லை.

இவ்வாறு, படிகத்தை வளர்க்கும் கைகள் ஒருபுறமும் சில்லைச் செதுக்கும் கைகள் மற்றொருபுறமுமாக, ஒரே மாநிலத்தில், சில வேளைகளில் ஒரே நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருந்தும், இருவகையினரும் ஒருவரையொருவர் நாடுவது போதுமான அளவுக்கு நிகழவில்லை என்பதே என் ஆழ்ந்த கவலை. குவளையில் விளையும் அமினோ அமிலப் படிகம் எத்தனை பச்சை ஒளியைத் தந்தாலும், அது நீரிற் கரையும், நூறு, இருநூறு பாகையில் சிதையும். நூற்றுக்கணக்கான பாகை உஷ்ணத்தையும் அமிலங்களையும் வெற்றிட அறைகளையும் கடந்து வரவேண்டிய சில்லின்மேல் அப்படியே அமர அதனால் இயலாது. தூளிலிருந்து எழும் ஒளியை அளந்து கட்டுரை வெளியிட்டதோடு ஆராய்ச்சி நின்றுவிடுமானால், அப்படிகம் அலமாரியிலேயே தங்கிவிடும். படலமாக அதனைப் படிய வைக்க முடியுமா, பட்டையாகச் செதுக்க முடியுமா, ஒரு சென்டிமீட்டரில் அது இழக்கும் ஒளி எவ்வளவு, 1550 நானோமீட்டரில் அது எதை விழுங்குகிறது என்னும் கேள்விகளைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெரிந்தெடுக்கப்பட்ட பத்துப் பதார்த்தங்கள், கேளாமல் வளர்த்த ஆயிரம் பதார்த்தங்களைக் காட்டிலும் பயனுடையவை.

ஆனால் கைவிடத்தகாத செல்வம் ஒன்று அம்மாணவர்களிடம் இருக்கிறது. மாசின் ஒரு சிறு கூறு படிகத்தை எப்படிக் குலைக்கும், கால் பாகை உஷ்ண வேறுபாடு அதன் வளர்ச்சியை எவ்விதம் திருப்பும், விதைப்படிகத்தின் குறை விளைபடிகம் முழுவதையும் எப்படித் தொடரும் என்பதையெல்லாம் அவர்கள் கையாற் கற்றவர்கள். லித்தியம் நியோபேட் ஏட்டின் தரமும், நைட்ரைட் படலத்தின் இழப்பும், அலைநடத்திச் சுவரின் வழவழப்பும் இறுதியில் இத்தகைய நுண்ணறிவையே சார்ந்திருக்கின்றன. வரைபடத்தை எவரும் வரையலாம். பதார்த்தத்தைத் தூயதாகவும் ஒழுங்காகவும் விளைவிக்க வல்ல சமுதாயமே அவ்வரைபடத்தைச் சில்லாக்கும். ஆகவே, சிறு நகரக் கல்லூரிகளில் படிகம் வளர்க்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் பெரு நிலையங்களின் தூய அறைகளுக்கும் இடையே மாணவர்கள் தடையின்றிச் சென்றுவர வழி செய்தல் வேண்டும். மெல்லிய ஏடுகளை அறுக்கவும் மெருகிடவும் ஒட்டவும் வேண்டிய உபகரணங்கள் பொதுவில் அமைதல் வேண்டும். ஒரு படிகத்தின் பெருமையை அது அலைநடத்தியாகிக் கடத்தும் ஒளியைக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே வளர்தல் வேண்டும். கல்லூரிகள் நம்மிடம் உண்டு. உழைக்கும் இளைஞர்களும் உண்டு. ஒருவர் வேலையை மற்றவர் அறிந்து, இரண்டையும் ஒரே காரியமாக நடத்தும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய பொறுப்பு.